பன்னிரண்டாவது அட்டை

ஓடுகிறேன். காலில் செருப்பு இல்லை. சாரத்தை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்திருக்கிறேன். வலது கைக்குள் ஏதோ இருக்கிறது. என்னவென்று பார்க்க நேரமில்லை.

பின்னால் சத்தம். முதலில் ஒற்றை ஒற்றையாக. டப். டப். டப். பிறகு சேர்ந்து. காய்ந்த பனையோலையை இழுத்துக் கிழிப்பது போல. அது நிற்கிறது. மறுபடியும் ஒற்றை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு விடும் நேரம். அந்த ஒற்றைச் சத்தங்கள்தான் மோசம். அவை விழுந்து கிடப்பவர்களுக்கு.

நேரம் காலை ஆறு இருபது இருக்கும். மாதா கோயில் மணி ஆறு அடித்து ஓய்ந்த பிறகுதான் ஆமிக்காரர்கள் எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். வியாழக்கிழமை. அதற்கு முந்தைய நாள் சாம்பல் புதன். சாமியார் நெற்றியில் பூசிய சாம்பல் சிலருக்கு இன்னும் அழியவில்லை. தேதி தெரியாது. வருடம் எண்பத்தைந்து.

இடம் மன்னார்க் கரையில் ஒரு சின்ன மீன்பிடி ஊர். பெயரை எழுதவில்லை. அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

கூட்டுறவுச் சங்கக் கடையின் முன்னால் நின்றோம். பன்னிரண்டு ஆண்கள். முகம் கடைச் சுவரைப் பார்த்தபடி. கை தலைக்கு மேல். அதற்கு முன் ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டையை வாங்கி ஒரு அலுமினியச் சட்டியில் போட்டார்கள். சட்டி யாரோ வீட்டுக் குசினியில் எடுத்தது. அடியில் கஞ்சி காய்ந்திருந்தது. அதை எங்கள் காலடியில் வைத்தார்கள்.

என் இடது பக்கம் என் அண்ணன். பெயர் அருளப்பு. என்னை விட ஒன்றரை வயது மூத்தவன். சங்கக் கடையில் கணக்கெழுத்தாளன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கடலில் மூழ்கிக் கடலட்டை எடுத்தேன். லொறியில் கிளீனராகப் போனேன். நாலு மாதம் ஓர் ஊரில் இருந்தால் கால் அரிக்கும். அன்றைக்கு நான் வீட்டில் இருந்ததே தற்செயல்.

பின்னால் துப்பாக்கிகளை இழுத்து விடும் சத்தம் கேட்டது. அண்ணன் காலைத் தூக்கிச் சட்டியை உதைத்தான். அது உருண்டது. அட்டைகள் சிதறின. அவர்கள் ஒரு நொடி கீழே பார்த்திருக்க வேண்டும்.

"ஓடடா சவரி! ஓடு!"

சவரி நான்தான். சந்தியா மகன் சவரிமுத்து. ஓடினேன். ஓடுவதற்கு முன் குனிந்தேன். இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம். துப்பாக்கி முன்னால் நிற்கிறவன் குனிந்து அட்டை பொறுக்குவானா என்று கேட்பார்கள். பொறுக்குவான். எங்கள் ஊரில் அட்டை இல்லாதவன் அடுத்த சோதனைச் சாவடியில் செத்தவன். கை தானாகப் போனது. என் காலடியில் கிடந்ததை எடுத்தேன். என்னுடையது என்று நினைத்தேன்.

திரும்பிப் பார்க்கவில்லை. இதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கடலோரக் களப்பில் கண்டல் மர வேருக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்றேன். உச்சி வெயில் வந்த பிறகு கையை விரித்தேன். விரல்கள் மடங்கிப் போயிருந்தன. இடது கையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். உள்ளே அண்ணனின் முகம்.

கறுப்பு வெள்ளைப் படம். புதுச் சட்டை. வலது காது கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும். சிரிக்கக் கூடாது என்று படக்காரன் சொன்னதால் வாயை இறுக்கி வைத்திருக்கிறான். அந்த ஒரு தரம்தான் அவன் படம் எடுத்தது.

நாலாம் நாள் வள்ளம். வள்ளத்தில் இருபதுக்கு மேல் ஆட்கள். கரை ராமேஸ்வரம். பிறகு மண்டபம் முகாம். மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் அட்டையை வாங்கிப் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே முகவெட்டு.

"சந்தியா அருளப்பு?"

"ஓம்."

என் பொய் முழுவதும் அந்த ஒரு சொல்தான். வேறு பொய் சொல்ல வேண்டி வரவில்லை. மற்றதையெல்லாம் அந்தச் சொல் பார்த்துக்கொண்டது.

முகாமில் இருக்க முடியவில்லை. வழக்கம்போல் கால் அரித்தது. ரயிலேறி எழும்பூருக்கு முன்னால் தாம்பரத்தில் இறங்கினேன். காரணம் ஒன்றுமில்லை. வண்டி நின்றது. இறங்கினேன்.

தாம்பரம் போலீசில் பதிந்தேன். அருளப்பு. திருநீர்மலைக்கும் பம்மலுக்கும் நடுவில் ஒரு கல்குவாரியில் வேலை கிடைத்தது. ஜல்லி உடைக்க வேண்டும். குடிசையும் அங்கேயே. மலை மேல் பெருமாள் கோயில். கீழே நாங்கள் பாறையைத் தகர்ப்போம்.

நாளுக்கு இரண்டு தரம் வேட்டு. பகல் பன்னிரண்டரை. மாலை ஐந்து. அதற்கு முன் முனுசாமி அண்ணன் சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு கத்துவார். மருந்து வைப்பதில் அவர்தான் மேஸ்திரி.

"வேட்டூ! வேட்டூ! அல்லாரும் ஓரம் போ! வேட்டூ!"

முதல் நாள் நான் ஓரம் போகவில்லை. ஓடினேன். பாறை வெடித்தது. நிலம் அதிர்ந்தது. ஓடிக்கொண்டே இருந்தேன். பம்மல் தாண்டி நின்றபோது பக்கத்தில் யாருமில்லை. திரும்பி வர ஒரு மணி நேரம். குவாரியே சிரித்தது.

"இன்னாடா இது, வேட்டுன்னா பாறை பின்னால குந்துன்னு சொன்னா, பல்லாவரம் ஸ்டேஷனுக்கே ஓடிகினு கீறான்!" என்றார் முனுசாமி அண்ணன். "நைனா, அடுத்த தபா ஓடசொல்ல எனுக்கு ஒரு கட்டு பீடி வாங்கியா. சும்மா எதுக்கு வேஸ்ட்டா ஓடணும்?"

நானும் சிரித்தேன். பிறகு அவர் என் கையைப் பார்த்தார். ஒரு ஜல்லிக் கல்லை இன்னும் விடாமல் பிடித்திருந்தது. சிரிப்பை நிறுத்தினார். அடுத்த நாளிலிருந்து வேட்டுக்கு முன் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். ஏழு வருடம். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

வேட்டு பழகிவிட்டது. விமானம் பழகவில்லை. தாம்பரத்தில் விமானப் படைத் தளம் இருக்கிறது. பயிற்சி விமானங்கள் தாழப் பறக்கும். மார்க்கெட் தெருவில் கையில் தக்காளிப் பையோடு இரண்டு தரம் குப்புற விழுந்திருக்கிறேன். தக்காளிக்காரி மட்டும் திட்டுவாள். "தெனம் இதே பேஜாராப் போச்சு. வுயறதுதான் வுயற, என் கடை முன்னால வுயாத."

முதல் வருடம் முடியும் முன் அம்மாவின் கடிதம் வந்தது. மண்டபத்திலிருந்து ஊர் திரும்பிய ஒருவர், பதிவேட்டில் அருளப்பு இருக்கிறான் என்று போய்ச் சொல்லியிருக்கிறார். கடிதம் தேவாலயம் வழியாக வந்தது. "மகனே அருளப்பு" என்று தொடங்கியது. நீ தப்பியது மாதாவின் கிருபை. தம்பி சவரி போய்விட்டான். அவனுக்கு முப்பத்தோராம் நாள் பூசை வைத்தோம். அவன் ஒரு காலத்திலும் வீட்டில் தங்காத பிள்ளை, இப்போதும் அப்படியே போய்விட்டான். நீயாவது இருக்கிறாய்.

குவாரியில் ஒரு பாறை மேல் உட்கார்ந்து வாசித்தேன். எனக்கு வைத்த பூசையைப் பற்றி.

பதில் எழுத வேண்டும். எழுதினேன். "சுகமாக இருக்கிறேன். வேலை இருக்கிறது. நீங்கள் சுகமா." கீழே பெயர் போடவில்லை. அவள் அடுத்த கடிதத்தில் கேட்டாள்: உன் எழுத்து ஏன் இப்படிக் கெட்டுப்போனது, கையில் காயமா?

ஓம், காயம் என்று எழுதினேன். அது இரண்டாவது பொய். முதலில் ஒன்றுதான் என்று சொன்னேன். இரண்டு.

துணிவு வரவில்லை. அவ்வளவுதான். கடிதங்களை வழியில் பிரித்துப் பார்ப்பார்கள் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மை. ஆனால் காரணம் அதுவல்ல. அவள் ஒரு பிள்ளைக்கு அழுது முடித்துவிட்டாள். மீதியிருந்த பிள்ளையை அவளிடமிருந்து எப்படி எடுப்பது? அதுவும் நல்ல பிள்ளையை.

தொண்ணூற்று இரண்டில் வழக்கறிஞர் ஹேமலதா வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. குரோம்பேட்டையில் வீடு. ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு வருட ஃபெலோஷிப் கொடுத்திருந்தது. வேலை இதுதான். ஊரில் நடந்த கொலைகளைக் கண்ணால் பார்த்த அகதிகளிடம் சத்தியப் பத்திரம் வாங்குவது. அதை வெளிநாட்டில் மனித உரிமை பார்க்கும் ஒரு குழுவின் முன் வைப்பது.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில் அறை எடுத்தார். முகாமுக்கு வெளியே சிதறி வாழும் அகதிகளைத் தேடிப் பிடிக்க ஆள் வேண்டும். சைக்கிளும் கால் அரிப்பும் உள்ள ஆள். யாரோ என்னைச் சொன்னார்கள். குவாரி வேலையைப் பாதியாக்கிக்கொண்டு போனேன். மேடவாக்கம், பெரும்பாக்கம், கோவிலம்பாக்கம். அப்போது அந்தப் பக்கமெல்லாம் ஏரியும் வயலும். கேட்டுக் கேட்டுப் போவேன். என் பேச்சைக் கேட்டதும் கதவு திறக்கும்.

"கோர்ட் எங்க மிஸ்?" என்று முதல் நாள் கேட்டேன்.

"இப்போ இல்லை," என்றார். "என்னைக்காவது ஒண்ணு வரும். அன்னைக்கு சாட்சி சொல்ல ஆள் உயிரோட இருக்க மாட்டாங்க. பேப்பர் இருக்கணும்."

அவருடைய முறைகள் கடுமையானவை. ஒரே ஊர்க்காரர்களைச் சேர்த்து உட்கார வைக்க மாட்டார். ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்கக் கூடாது. அழைத்து வருகிற நானும் படிக்கட்டில்தான் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்தது ஒரு தாளில். காதால் கேட்டது வேறு தாளில். பிறர் சொன்னது வேண்டாம். எழுதியதை வரி வரியாக வாசித்துக் காட்டுவார். ஒவ்வொரு வரிக்கும் "சரி" சொல்ல வேண்டும். யாராவது அழுதால் நிறுத்துவார். தண்ணீர் கொடுப்பார். பிறகு விட்ட இடத்திலிருந்து.

டைப் அடிப்பவர் தேவராஜ். கீழே இன்ஸ்டிடியூட் அவருடையது. வாய் மூடாது.

"மேடம், மூணு மாசமா தெனம் சாவா அடிச்சிகினு கீறேன். நடுவுல ஒரு வூட்டு வாடகை அக்ரிமென்ட் குடுங்க மேடம். கொஞ்சம் மூச்சு வுட்டுக்கறேன்."

மிஸ் சிரிப்பார். மாதத்துக்கு ஒரு தரம்தான் அவர் சிரித்துப் பார்த்தது.

அவர் அடிக்கடி சொன்ன ஒன்று எனக்கு மனப்பாடம். "ஒரு பட்டியல்ல ஒரு பேரு தப்பா இருந்தா போதும், அண்ணா. செத்ததா சொன்ன ஒருத்தரை உயிரோட கொண்டுவந்து காட்டுவாங்க. அப்புறம் மத்த எல்லாரும் பொய்யாயிடுவாங்க."

தலையாட்டுவேன். அந்த அறையில் எத்தனை பேரையோ கொண்டுபோய் உட்கார வைத்தேன். நான் உட்காரவில்லை. நீங்க ஏதாவது பார்த்தீங்களா என்று மிஸ் ஒரு தரம் கேட்டார். நான் அப்போது ஊரில் இல்லை என்றேன். மூன்று.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை. காலை பத்தரை. அன்றைக்கு வந்தவளை நான் அழைத்து வரவில்லை. கோவிலம்பாக்கத்திலிருந்து தானாக பஸ் பிடித்து வந்திருந்தாள். நான் தேநீர் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் பிளைவுட் தடுப்பு. உள்ளே ஒரு பெண் குரல். எங்கள் கரைப் பேச்சு. கீழே இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகள் டைப் அடிக்கும் சத்தம். அதன் மேல் அவள் குரல்.

சங்கக் கடை என்றாள். சாம்பல் புதனுக்கு அடுத்த நாள் என்றாள்.

தேநீர்க் கிளாசைப் படியில் வைத்தேன்.

வேலிக்குள்ளிருந்து பார்த்தேன் என்றாள். ஆமி போன பிறகு கிட்டப் போனோம். பதினொரு உடல். பலபேர் முகம் தெரியவில்லை. சட்டிக்குள் அட்டைகளைப் பொறுக்கிப் போட்டு வைத்திருந்தார்கள். ஊர் அதிகாரி விதானையார் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். பதினொரு அட்டை.

பிறகு பெயர்கள். அவள் புருஷன் பிலிப்பையா. அடுத்தது. அடுத்தது. எட்டாவதாகச் சொன்னாள்.

"சந்தியா மகன் சவரிமுத்து."

உள்ளே டைப்ரைட்டர் அதை அடித்தது. கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு அடி.

அப்போதுதான் விளங்கியது. நின்றவர்கள் பன்னிரண்டு. அட்டை பன்னிரண்டு. ஓடியவன் ஒருவன். அவன் கையில் ஒரு அட்டை. மிச்சம் பதினொரு உடல், பதினொரு அட்டை. எண்ணிக்கை பொருந்தியது. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. முகம் தெரியாத ஒரு உடலுக்கு என் பெயர் போனது. அந்த உடலுக்கு முகம் எங்கே போனது என்று நான் யோசிக்கவில்லை. யோசித்தேன்.

வெளியே வந்தாள். திரேசம்மா. எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டாள். கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

"சவரி?"

படியிலிருந்து எழுந்தேன்.

"நீ செத்தவனெல்லோடா. உனக்கு நான் ஒப்பாரி வைச்சனான்." குரல் தாழ்ந்தது. "அப்ப அங்க கிடந்தது ஆர்?"

"அண்ணை."

அப்படியே படியில் உட்கார்ந்தாள். தேநீர் தட்டுப்பட்டுக் கவிழ்ந்தது. இரண்டு பேரும் அது படி படியாக இறங்குவதைப் பார்த்தோம்.

"உன்ர பேரை உள்ளுக்க சத்தியம் பண்ணிச் சொல்லிப்போட்டன்," என்றாள். "அதுக்குக் கீழதான் மற்றப் பேருகளும் கிடக்கு. என்ர மனுசன்ர பேரும் அதிலதான்."

"ஓம் அக்கா."

"நீ தாம்பரத்தில சைக்கிள் ஓடித் திரியிறாய் எண்டு தெரிஞ்சால், என்ர மனுசனும் எங்கயோ சைக்கிள் ஓடித் திரியிறான் எண்டுதானே சொல்லுவாங்கள்?"

எழுந்தாள். முந்தானையை உதறினாள். "நான் ஒண்டும் சொல்லேல்ல. எனக்கு பஸ் வருது."

நாலு நாள் குவாரியில் இருந்தேன். மலையை விட்டு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மாடி ஏறினேன். மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையை மேசையில் வைத்தேன். தேவராஜ் இயந்திரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் அவர் வாய் மூடியிருந்தது.

மிஸ் அட்டையை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கணக்காகப் பேசினார்.

"உங்க பேர்ல சத்தியப் பத்திரம் வேணும்னா நோட்டரி அடையாளம் கேட்பார். உங்ககிட்ட இருக்கிறது அண்ணன் அட்டை. முதல்ல போலீஸ்ல பதிவை மாத்தணும். இப்போ நிலைமை தெரியும்ல? அகதிங்களை எல்லாம் திரும்பவும் பதிஞ்சிட்டு இருக்காங்க. ஏழு வருஷமா வேற பேர்ல இருந்தேன்னு போய் நின்னா, நேரா காவல் போட்ட முகாமுக்கு அனுப்புவாங்க. நான் மனு போடுவேன். ஆனா காப்பாத்திடுவேன்னு சொல்ல மாட்டேன்."

"வேற வழி?"

"இருக்கு. உங்க பேரை எடுத்துட்டு பத்துன்னு போட்டுடலாம். பத்தும் உண்மை. யாராலயும் அசைக்க முடியாது. நீங்க அருளப்பாவே இருக்கலாம்."

"அண்ணை?"

மிஸ் அட்டையை என் பக்கம் நகர்த்தினார்.

பத்து என்று போட்டால் அண்ணன் சாகவில்லை. கொல்லவும் இல்லை யாரும். தாம்பரத்தில் ஜல்லி உடைத்துக்கொண்டிருக்கிறான். அம்மாவுக்குக் கெட்ட எழுத்தில் கடிதம் எழுதுகிறான். ஒரு நாள் நான் செத்தால் அவன் பெயரில்தான் புதைப்பார்கள். அப்போதும் அவனைக் கொன்றவர்கள் என்று யாரும் இருக்க மாட்டார்கள்.

"பதினொண்டு எண்டு போடுங்கோ மிஸ். எட்டாவது அண்ணையின்ர பேர்," என்றேன்.

சாட்சியம் அன்றைக்கே தொடங்கினார். பிற்பகல் இரண்டரையிலிருந்து ஆறு வரை. தேதி கேட்டார். வியாழக்கிழமை, சாம்பல் புதனுக்கு அடுத்த நாள் என்றேன். அப்போதுதான் தேவராஜ் வாயைத் திறந்தார். அவர் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்.

"அந்த வருஷத்து ஈஸ்டர் தெரிஞ்சா போதும் மேடம். அதுலேர்ந்து நாப்பத்தாறு நாள் பின்னால எண்ணுங்க. அது சாம்பல் புதன். எங்க கோயில்ல பழைய காலண்டர் அல்லாம் கீது." சைக்கிளில் போய்க் கொண்டுவந்தார். விரல் விட்டு எண்ணினார். ஒரு தேதி வந்தது. பிறகு திரேசம்மாவை அழைத்து, அவள் தாளிலும் அந்தத் தேதியைப் போட்டு, எட்டாவது பெயரைத் திருத்தி, "சரி" வாங்கினார்கள். எனக்கு அது இன்றைக்கும் வியாழக்கிழமைதான்.

கடைசிக் கேள்வி.

"உங்க அண்ணன் விழுந்ததைப் பார்த்தீங்களா?"

"சுட்டுப்போட்டாங்கள் மிஸ்."

"பார்த்தீங்களா?"

விமானம் ஒன்று கூரைக்கு மேல் போனது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மிஸ் அது போகும்வரை காத்திருந்தார். பிறகு கேள்வியை மறுபடியும் கேட்கவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"இல்லை," என்றேன். "பார்க்கேல்ல. திரும்பிப் பார்க்கேல்ல."

அதை எழுதினார். கண்ணால் பார்த்த தாளில், சட்டியை உதைத்த கால். காதால் கேட்ட தாளில், "ஓடடா சவரி." பிறகு சத்தங்கள். சேர்ந்து ஒன்று. ஒற்றையாக எத்தனை என்று கேட்டார். ஒன்பது என்றேன். எண்ணியது எனக்கே தெரியாது. கால் எண்ணியிருக்கிறது.

வரி வரியாக வாசித்தார். முதல் வரி: "சந்தியா மகன் சவரிமுத்து ஆகிய நான்." சரி என்றேன். தேவராஜ் மூக்கைச் சிந்தினார்.

அன்று மாலை அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். தாள் போய்ச் சேர்வதற்கு முன் அவளுக்குத் தெரிய வேண்டும். ஐந்து வரி. அண்ணைதான் சட்டியை உதைத்தவர். நான் அவருடைய அட்டையை எடுத்துவிட்டேன். தெரியாமல் எடுத்தது. பிறகு தெரிந்தும் வைத்திருந்தேன். இப்படிக்கு, சவரி.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காவல் நிலையம் போனேன். மிஸ் மனுவோடு வந்தார். முனுசாமி அண்ணனும் வந்தார். வேலைக்குப் போகவில்லை.

"ஏழு வருசமா அருளு அருளுன்னு கூப்ட்டுகினு இருந்தேன்," என்றார். "இப்ப சவரியாம். பரவால்ல. எந்தப் பேரா இருந்தா இன்னா, வேட்டுன்னா ஓடறவன்தான நீ. போய்ட்டு வா. நான் இங்கயே குந்திகினு கீறேன்."

உள்ளே அட்டையைக் கேட்டார்கள். கொடுத்தேன். ஆய்வாளர் ஒரு உறையில் போட்டு ஒட்டி அதன் மேல் எழுதினார். திருப்பிக் கிடைக்குமா என்று கேட்டேன். அது சான்றுப் பொருள் என்றார். பின்வாசல் வழியாக வண்டியில் ஏற்றினார்கள். முனுசாமி அண்ணன் வெளியில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். மாலை ஐந்து மணி வேட்டை அன்று வேறு யாரோ வைத்தார்கள்.

காவல் போட்ட முகாமில் பதினான்கு மாதம். அங்கே நடந்தது வேறு சாட்சியம். அதை வேறு யாராவது எழுதட்டும்.

அம்மாவின் பதில் முகாமுக்கு வந்தது. ஏழு மாதம் எடுத்திருந்தது. முன்பெல்லாம் "மகனே அருளப்பு" என்று தொடங்கும். இதில் "மகனே" மட்டும். பெயர் இல்லை. அண்ணனுக்குப் பூசை வைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாள். உனக்கு வைத்த பூசையைத் திரும்ப எடுக்க ஏலாது என்று சாமியார் சொன்னார், அது உனக்கு நன்மைக்கே இருக்கட்டும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. இரண்டாவது மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். அதையும் பிறர் சொல்லித்தான் தெரியும்.

ஹேமலதா மிஸ்ஸின் ஒரு வருடம் முடிந்தது. சத்தியப் பத்திரங்களை இரண்டு அட்டைப் பெட்டிகளில் கட்டி எடுத்துக்கொண்டு வெளிநாடு போனார். கொடுத்துவிட்டேன், பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதித் தந்திருக்கிறார்கள் என்று எனக்கு எழுதினார். இது நடந்து ஐந்து வருடமாகிறது. கோர்ட் இன்னும் வரவில்லை. தேவராஜ் மட்டும் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "இன்னா சவரி, நம்ம கேஸ் இன்னா ஆச்சி?" நம்ம கேஸ் என்றுதான் சொல்வார்.

இழந்ததை எழுதி முடிக்கிறேன். பார்த்ததையும் கேட்டதையும் மட்டும்.

சங்கக் கடை முன்னால் பதினொரு பேர். அதில் ஒரு தகப்பனும் மகனும். கடைக் கூரைக்கு ஓலை மாற்ற அயலூரிலிருந்து வந்த ஒருவர். அவர் பெயரை விதானையார் வாசித்த பிறகுதான் ஊருக்குத் தெரியும். திரேசம்மாவின் புருஷன் பிலிப்பையா. என் அண்ணன் அருளப்பு, இருபத்து நாலு வயது, கணக்கெழுத்தாளன், எட்டாவது பெயர். அவன் பெயர் இப்போது சரியான இடத்தில் இருக்கிறது.

அம்மா ஒருத்தி. வீடு ஒன்று, வள்ளம் ஒன்று. இரண்டையும் யார் எடுத்தார்கள் என்று பார்க்கவில்லை. எழுத மாட்டேன்.

அட்டை ஒன்று. விடுதலையான பிறகு அந்தக் காவல் நிலையத்துக்கு மூன்று தரம் போனேன். உறை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பதிவேட்டில் வந்ததற்கு எழுத்து இருக்கிறது. போனதற்கு இல்லை.

மிஸ் அன்றைக்கே அதை ஜெராக்ஸ் எடுத்து என் சாட்சியத்தோடு இணைத்திருந்தார். ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. பெயர் தெளிவாக விழுந்திருக்கிறது. எண் தெளிவாக இருக்கிறது. சட்டைக் காலர் தெரிகிறது. வெளியே தள்ளிய வலது காது தெரிகிறது.

முகம் இருந்த இடம் கறுப்பு.